அண்ணன் குடிக்காமல் இருந்த வாரம்

ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் என் அண்ணனுக்கு ஃபிட்டர் வேலை. வேலை முடிந்ததும் தினமும் குடிப்பார். சண்டை சச்சரவு கிடையாது, சாப்பிட்டுப் படுத்துவிடுவார். ‘தாங்குற ஒடம்பு’ என்று வீட்டில் எல்லோரும் சொல்வோம். போன வருஷம் குளியலறையில் வழுக்கி விழுந்து தொடை எலும்பு முறிந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அண்ணி பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள, துணைக்கு நான் இருந்தேன்.

மறுநாள் டம்ளர் பிடித்த கை நடுங்கி, காப்பி போர்வையில் கொட்டியது. ஆபரேஷன் பயம் என்று நினைத்தேன். அதற்கு அடுத்த நாள் மத்தியானம் அவருக்கு வேர்த்து ஊற்றியது. காற்றில் எதையோ பிடித்து, இரண்டு விரல்களால் முறுக்க ஆரம்பித்தார்.

“என்னண்ணே பண்ணுதிய?”

“ஏட்டி, நூலு அம்புட்டும் அறுந்து போச்சு. மிஷினை நிறுத்தச் சொல்லு.”

எதிரே வெறும் சுவர். பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி, காத்துக் கருப்பு என்றார். நான் நர்ஸைக் கூப்பிட ஓடினேன்.

வந்த டாக்டரம்மா என்னைவிட வயதில் சிறியவர். “தினமும் குடிப்பாரா?” என்று கேட்டார். சேர்க்கும்போது கேட்டதற்கு, ‘எப்பவாவது’ என்று அண்ணன் சொல்லியிருந்தார். நான் உண்மையைச் சொன்னேன். ஊசி போட்டு அண்ணன் உறங்கியதும் என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

“குடிச்சாத்தானே புத்தி தடுமாறும்? குடிக்காதப்போ எப்படி டாக்டர்?”

“சாராயம் மூளைக்கு பிரேக் மாதிரிம்மா. தினமும் பிரேக் போட்டா, மூளை ஈடு கட்ட ஆக்ஸிலேட்டரைக் கூட்டிக்கும். அதான் எவ்வளவு குடிச்சும் அவர் நிதானமா இருந்திருக்கார். இப்போ பிரேக் திடீர்னு போயிருச்சு, ஆக்ஸிலேட்டர் அப்படியே நிக்குது. கவனிக்கலேன்னா வலிப்பு வரும், உயிருக்கே ஆபத்து. இந்த மருந்தால பிரேக்கை நாங்க போட்டு, மெதுவா எடுப்போம்.”

நாங்கள் பெருமையாகச் சொன்ன அந்தத் தாங்குற உடம்பு இதுதானா என்று அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சில நாட்களில் அண்ணனுக்குத் தெளிந்தது. நடந்ததைச் சொன்னேன். இரண்டு விரல்களையும் தேய்த்துப் பார்த்தார்.

“கண்ணுக்குத் தெரிஞ்சதுகூடச் சரி. இல்லாத நூலு விரல்ல எப்படிட்டி தட்டுப்பட்டுச்சு?”

எனக்கும் அதே சந்தேகம். டாக்டரம்மாவிடமே கேட்டோம். தொட்டது போன்ற உணர்வைக்கூட, தறிகெட்டு ஓடும் மூளை தானாகவே உண்டாக்கிவிடுமாம். விரல் தேவையில்லையாம். “அடேயப்பா” என்றார் அண்ணன்.

ஆபரேஷன் நடந்து, கால் கூடிவிட்டது. அதற்குப் பிறகு அவர் குடிக்கவில்லை. ஆனால் போன மாதம் ஆஸ்பத்திரியில் காலைக் காட்டிவிட்டுத் திரும்புகையில், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடமிருந்து சாராய வாடை அடித்தது. அண்ணன் சட்டென்று எழுந்து இறங்கிவிட்டார். நானும் பின்னாலேயே இறங்கினேன்.

“எனக்கு ஆசையே இல்லட்டி. ஆனா வாயில எச்சி ஊறுது. இது எம்புட்டு நாளைக்கு இருக்கும்?”

“தெரியலண்ணே. அடுத்த தடவை கேப்போம்.”

வெள்ளரிப்பிஞ்சு வாங்கித் தின்றுகொண்டே அடுத்த பஸ்ஸுக்கு நின்றோம்.