நொடிக்கு எட்டாயிரம்

தொண்டையில் கட்டி என்று என் மனைவியின் குரல்வளையை எடுத்து இரண்டு வருடம் ஆகிறது. சொல்ல வேண்டியதைச் சிலேட்டில் எழுதிக் காட்டுவாள். கல்யாண கேசட்டில் மேளச் சத்தம்தான் இருக்கிறது. அவளுடைய பழைய போன் தண்ணீரில் விழுந்து செத்துப்போனது. "என் கொரலே எனக்கு மறந்துபோச்சி" என்று ஒருநாள் எழுதினாள். 

அப்போதுதான் நான் வேலை பார்த்த இடத்து யூனிக்ஸ் கம்ப்யூட்டர் ஞாபகம் வந்தது. சிதம்பரத்தில் ஒரு கல்லூரியின் கம்ப்யூட்டர் லேபில் நான் உதவியாளனாக இருந்தேன். எங்களிடம் மைக்கோடு வந்த முதல் மிஷின் அது. நொடிக்கு எட்டாயிரம் தடவை சத்தத்தை அளந்து, ஒவ்வோர் அளவையும் ஒரு பைட்டாக எழுதிக்கொள்ளும். டெலிபோன் மாதிரிதான் கேட்கும். அதற்கே வாயைப் பிளந்தோம். வேகத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஒரே மிஷினைப் பல கீபோர்டில் எல்லாரும் பகிர்ந்துகொண்டோம்; யாராவது ஒரு ப்ரோகிராம் ஓட்டினால் போதும், பாட்டு விக்கி விக்கி வரும். அதனால் பதிவு பண்ணுமுன், "எல்லாரும் கீபோர்டுலேர்ந்து கைய எடுங்க" என்பேன். பேராசிரியர்கள்கூடக் கையை மடியில் வைத்துக்கொள்வார்கள்.

டிஸ்க்கில் இடம் காப்பது என் பொறுப்பு. ஃபைலின் தொடக்கத்தில் வேகத்தைக் குறித்துவைக்கும் கொஞ்சம் பைட்டுகளைக்கூட வெட்டிவிடுவேன். பெரிய கெட்டிக்காரன் என்று நினைப்பு. ஒருநாள் சாப்பாடு கொண்டுவந்த என் மனைவியை மைக்கில் பேசவைத்துப் பதிவு பண்ணினேன்.

அந்த மிஷின் இன்னும் லேபின் ஸ்டோர் ரூமில் கிடப்பதாகத் தெரிந்தது. ரிட்டயர் ஆனவன் பேச்சை யார் கேட்பார்கள்? கடலூரிலிருந்து மூன்று தடவை பஸ் ஏறினேன். முட்டி வலியில் உயிர் போனது. செம்மங்குப்பம் தாண்டுவதற்குள்ளேயே திரும்பிவிடலாமா என்றிருக்கும். மூன்றாம் தடவை டிஸ்க்கைக் கழற்றிக் கொடுத்தார்கள்.

என் மச்சான், அதாவது அவள் தம்பி, கடலூரில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். இரண்டு நாள் மல்லுக்கட்டி ஃபைலை எடுத்து, லேப்டாப்போடு வீட்டுக்கு வந்தான். அவள் முகம் கழுவி, புடவை மாற்றி வந்து உட்கார்ந்தாள். ஓடவிட்டான். இரண்டே நொடி, ஒரு கிரீச்.

"என்னா மாமா இது, அணில் கத்தறாப்பல இருக்கு. ஃபைலு கெட்டுப்போச்சி போல."

அவள் சிலேட்டைக் கவிழ்த்து வைத்தாள்.

"கெடலடா. வேகத்த நான்தான் வெட்டிட்டேன். உன் லேப்டாப் அஞ்சு மடங்கு வேகத்துல ஓட்டுது. எட்டாயிரம்னு போடு."

போட்டான். பன்னிரண்டு நொடி.

"என்ன பேசறது? ம்... இன்னிக்கி பஸ்ஸுல கூட்டம் ஜாஸ்தி. பக்கத்துல ஒரு பொம்பள ஒக்காந்திருந்தா. அவ என்னா சொன்னான்னா..."

"போதும் போதும். எடம் ரொம்புது. நிறுத்து."

பின்னது நான். என் குரல்தான் அதில் கணீரென்று கேட்டது. மச்சான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். வெட்கமாக இருந்தது எனக்கு. இத்தனை வருடத்தில் மீதியை ஒருநாளும் கேட்டதில்லை நான்.

"அந்தப் பொம்பள என்னா சொன்னா?" என்றேன்.

அவள் யோசித்துப் பார்த்துச் சிலேட்டை நிமிர்த்தினாள். பிறகு எழுதினாள்: "ஞாபகம் இல்ல." அதற்குக் கீழே, "இன்னொரு தடவ போடுங்க."

போட்டோம். அவள் கண்ணை மூடி, உதட்டைக் கூடவே அசைத்துக்கொண்டு வந்தாள். 'சொன்னான்னா' வரைக்கும் வந்தாள். பதிவில் மறுபடியும் நான் நிறுத்தச் சொன்னேன்.