ஈஸ்டர் நெருப்புக்குள் ஒரு வீடு

மூன்று மாடியில் சொந்த வீடு. ஓடு பதிக்கும் நிறுவனம், அதில் பதினொரு பேருக்கு வேலை. ஒரு மருத்துவர், ஒரு பொறியியலாளர் என்று இரண்டு பிள்ளைகள். இவ்வளவையும் கட்டியவன் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன்; இவன் ஒரு தொழிலும் பழக மாட்டான் என்று ஆசிரியர் கைவிட்டவன். ஜெர்மனியின் இந்தச் சிறு நகரத்தில் பாதிக் குளியலறைகளின் தரை என் கைபட்டது. தீயணைப்பு நிலையத்துக் கழிவறையைப் போய்ப் பாருங்கள், இன்றுவரை ஓர் ஓடு அசையவில்லை. உழைத்தவன் சொல்லாமல் வேறு யார் சொல்வது?

அந்த நிலையத்தின் தொண்டர் படை இப்போது தன் வரலாற்றைப் புத்தகமாகப் போடுகிறது. அச்சுக்குப் போகுமுன் எனக்கும் வாசிக்கத் தந்தார்கள். பண்டிகைக்கு முந்திய இரவில் வருடாவருடம் அவர்கள் மூட்டும் ஈஸ்டர் நெருப்பைப் பற்றி ஒரு வரி இருந்தது. விறகுக் குவியலைக் கொளுத்தும் நாளில் முதலில் பிரித்து மறுபடி அடுக்கும் வழக்கம், உள்ளே ஒதுங்கும் முள்ளெலிகளுக்காக வந்ததாம். அது ஏன் வந்தது என்று எனக்குத் தெரியும்.

அப்போது எனக்குப் பத்து வயது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஐந்து மாதம். ஊர் எல்லையில் அகதிகள் விடுதி, நாலு பேருக்கும் ஓர் அறை. கதிரை, மேசை, அலுமாரி எல்லாம் தெருவில் எடுத்தவை. ஜெர்மன்காரர் வேண்டாத சாமான்களைத் தெருவோரம் வைப்பார்கள், வேண்டியவர் எடுக்கலாம். ஆகவே விடுதிக்குப் பின்னால் புல்வெளியில் கிளைகளும் பழைய பலகைகளும் குவியத் தொடங்கியபோது, அதுவும் அப்படித்தான் என்று எங்கள் பெரியவர்கள் நினைத்துவிட்டார்கள். அப்பா அதிலிருந்து ஒரு கதவை இழுத்து வந்து எனக்குக் கட்டிலாக்கினார். கொளுத்துவதற்கென்று அடுக்கியது என்று யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் விளங்கியிராது.

அந்தக் குவியலின் அடியைக் குடைந்து, பலகை முட்டுக்கொடுத்து, நிலத்தில் சாக்கு விரித்து, ஐந்து வயதுத் தங்கச்சிக்கு நான் ஒரு வீடு செய்தேன். என் முதல் கட்டடம். அப்பா கண்டுவிட்டார்.

"இனி அவளை அங்க கூட்டிக்கொண்டு போனியெண்டால் தோலை உரிப்பன்."

அப்பா சொன்னால் செய்கிறவர்.

ஈஸ்டருக்கு முந்திய சனிக்கிழமை பின்னேரம் ஒளித்துப் பிடித்து விளையாடினோம். அவளை உள்ளே விட்டு, "நான் வந்து கூப்பிடுமட்டும் வெளியில வரக்கூடாது" என்று சொல்லி வாசலைப் பலகையால் மூடினேன். அதற்குள் தீயணைப்புப் படையின் சிவப்பு வண்டி வந்தது. வாத்தியக்காரர் வந்தார்கள். ஒரு தீயணைப்புக்காரரின் மனைவி பாணுக்குள் இறைச்சி வைத்துத் தந்தார். இரண்டாவதும் தந்தார். தங்கச்சியை மறந்தேன்.

விடுதிச் சனமும் வேடிக்கை பார்க்கத் திரண்டது.

"எங்கையடா தங்கச்சி?" அம்மா கேட்டார்.

"அறையில நித்திரை, அம்மா."

தோலுக்குப் பயந்த பொய். கொஞ்சம் இருட்டியதும் மெல்லக் கூட்டி வந்துவிடலாம் என்று நினைத்தேன். அந்த நேரத்தில்தான் படைத் தலைவர் பந்தத்தைக் கொளுத்தினார். இன்னொருவர் இன்னொரு பந்தத்தோடு மறுபக்கம் போனார்.

"அணைக்க ஒண்டும் கிடைக்கேல்லைப் போல," என்றார் பக்கத்து அறை அண்ணை. "தாங்களே வைச்சுத் தாங்களே அணைக்கப் போறாங்கள்."

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவைப் பார்த்தேன், அவரிடம் சொல்லப் பயந்தேன். தலைவரிடம் ஓடினேன். "நைன், நைன்" என்றேன். வேண்டாம் என்று சொல்ல அந்த ஒரு சொல்தான் என்னிடம் இருந்தது. அவர் என் தலையைத் தடவிச் சிரித்தார்.

"இஞ்சால வா தம்பி," அண்ணை கூப்பிட்டார். "நெருப்பு உன்னைத் துரத்திக்கொண்டு வராது."

பந்தம் குனிந்தது. அதை எரிகிற பக்கத்தில் இரண்டு கையாலும் பிடித்தேன்.

"அம்மா, தங்கச்சி உள்ளுக்கை."

அம்மா போட்ட சத்தத்துக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. தலைவர் பந்தத்தைச் சேற்றில் எறிந்தார். ஆனால் மறுபக்கம் பற்றிவிட்டது. காய்ந்த இலை படபடவென்று வெடித்தது. ஆட்கள் கொக்கியால் கிளைகளைப் பிய்த்தார்கள், தண்ணீர்க் குழாயை இழுத்தார்கள். நான் காட்டிய இடத்தில் தலைவர் புகைக்குள் ஊர்ந்து புகுந்தார். அவருடைய சப்பாத்துகள் மட்டும் வெளியே தெரிந்தன. அவை அசையாமல் கிடந்த நேரத்தைப்போல ஒரு நேரம் எனக்குப் பிறகு வந்ததில்லை.

பின்பக்கமாக ஊர்ந்து வந்தார். கையில் தங்கச்சி. இருமினாள். என்னைக் கண்டதும் அழுதாள்.

"நீ வந்து கூப்பிடேல்லை."

சத்தமெல்லாம் கேட்டும் காத்திருந்திருக்கிறாள்.

மறுநாள் தலைவர் எங்கள் அறைக்கு வந்தார். என்னைப் பொலிஸில் கொடுக்கத்தான் வந்தார் என்று அலுமாரிக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டேன். கொஞ்சம் ஜெர்மன் தெரிந்த பக்கத்து அறை அண்ணை சொல்வது கேட்டது. "கொளுத்த முதல் பாக்காமல் விட்டது தன்ர பிழையாம். மன்னிக்கட்டாம்." பெரிய மனிதர், அழுதுகொண்டு நின்றார். வாசலை மூடியது யார் என்று அவரும் கேட்கவில்லை, அப்பாவும் கேட்கவில்லை. அடுத்த ஈஸ்டரிலிருந்து குவியலைப் பிரித்து மறுபடி அடுக்கிய பிறகே கொளுத்தினார்கள், முள்ளெலிகளுக்காக அல்ல. அதற்கு முன்பே, அந்தக் கோடையில், அவர் பதவியை விட்டார். புத்தகத்தில், உடல்நிலை காரணமாக என்று இருக்கிறது. நான் அன்று தப்பினேன் என்றுதான் சந்தோஷப்பட்டேன். என் பிழையை ஒருவர் தன் தலையில் எடுத்துக்கொண்டு போகிறார் என்பது பத்து வயதுக்கு விளங்கவில்லை.

ஆகையால் புத்தகம் எழுதுகிறவர்களிடம் சொல்லிவிட்டேன், இங்கேயும் சொல்கிறேன். பந்தத்தைக் கையால் பிடித்து நிறுத்தியவன் நான் என்று என் பெயரோடு போடுங்கள். வாசலைப் பலகையால் மூடியவனும் நானே என்று அடுத்த வரியிலேயே போடுங்கள். ஒன்றை மட்டும் போடுவதென்றால் இரண்டாவதைப் போடுங்கள்.