றோஸ்மேரி அக்காவின் போக்குவரவு

சித்திரை வெயிலில் கம்பளிச் சட்டையைக் கொடியில் போட்டு, தும்புத்தடிக் காம்பால் அடிக்கிறார் றோஸ்மேரி அக்கா. வாவிக்கரையில் எங்கள் ஒழுங்கை வீடுகளுக்கு அதுதான் அறிவித்தல்: பத்து நாளுக்குள் பயணம்.

வயது அறுபத்து மூன்று. ஒஸ்லோவில் ஓர் ஆஸ்பத்திரியின் சலவைப் பகுதியில் இருபத்தெட்டு வருடம் வேலைக்கு நின்றவர். ஓய்வு பெற்றதும் ஊருக்கு வந்தார், பக்கவாதத்தில் விழுந்த அண்ணன் தோமசைப் பார்க்க. தோமஸ் கல்யாணம் கட்டாதவர். அவரைக் கட்டிலை விட்டு இறக்காமலே விரிப்பை மாற்றி, ஒரு சுருக்கமும் இல்லாமல் இழுத்துவிடுவார் அக்கா. ஒஸ்லோவில் மகள் நிலானி, புருசனைப் பிரிந்து, சின்னக் குழந்தையோடு தனியே இருக்கிறாள். "ரெண்டு பக்கத்துக்கும் நான் ஒராள்தான் கிடக்கன்" என்பார். அவர் இல்லாத வாரங்களில் தோமசை நாங்கள் முறை வைத்துப் பார்க்கிறோம்.

கையில் இருப்பது நோர்வே கடவுச்சீட்டு. சுற்றுலா விசாவில் வருவதும், அது முடிவதற்குள் மகளிடம் போவதுமாக மூன்று வருடம் ஓடிவிட்டது. ஓய்வு பெற்றவர்களுக்கான விசாவுக்கு இரண்டு தடவை விண்ணப்பித்தார். கடவுச்சீட்டைக் கொழும்பில் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். இரண்டு தடவையும் குழந்தைக்குக் காய்ச்சல் என்று நிலானி அழுதாள். அக்கா விண்ணப்பத்தைக் கைவிட்டு, கடவுச்சீட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டு பறந்தார்.

மூன்றாம் தடவை, கடவுச்சீட்டின் பக்கங்களைப் புரட்டிப் பார்த்த விசா அலுவலர் பஹ்மி கேட்டாராம்: "இவ்வளவு தரம் வந்து போறீங்க. உங்களுக்கு என்னத்துக்கம்மா தங்கி இருக்கிற விசா?"

"வந்து போறவ இல்ல தம்பி. நான் போய் வாறவ."

அவர் சிரிக்கவில்லை. கடதாசிகளை அடுக்கி உள்ளே அனுப்பினாராம்.

போன வாரம் விசா கிடைத்தது. இரண்டு வருடம், எத்தனை தரமும் போகலாம், வரலாம். நாளை மறுநாள் விமானம். இன்று மத்தியானம் நான் சோறு கொண்டுபோனபோது, கட்டில் விளிம்பில் இருந்தபடி அண்ணனுக்குக் கடவுச்சீட்டின் விசாப் பக்கத்தை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தார் அக்கா.

"இனி ஒருத்தரும் என்ன ஏனெண்டு கேக்க மாட்டாங்க, அண்ணன்."

மூன்று வருடத்தில் அவருடைய பயணத்தைப் பற்றி ஒரு சொல் கேட்காத தோமஸ் வாயைக் கோணி மெல்லக் கேட்டார்: "எப்பகா வருவாய்?"

"ஜூலையில வந்திருவன்."

தோமஸ் இயங்குகிற இடக்கையை நீட்டிக் கடவுச்சீட்டை வாங்கினார். மூடினார். தன் தலையணைக்கு அடியில் தள்ளிவிட்டுச் சுவர்ப்பக்கம் பார்த்தார்.

அக்கா அதை எடுக்கவில்லை. தலையணை உறையை நேராக்கி, அண்ணனின் தலையை மெதுவாக அதன்மேல் வைத்துவிட்டார்.