லுவா கட்டிக் கொடுத்த பம்பு மோட்டார்

லுவாவுக்கு நாற்றம் ஆகாது. எங்கள் கால்வாய்க்கரையில் அப்படியொருத்தி பிழைப்பதே பெரும்பாடு. காலையில் மீன் காயவைப்பார்கள், மதியம் இறால் ஓட்டைக் கரையிலேயே கொட்டுவார்கள். போதாததற்கு அவள் செய்த தொழில், எரிந்துபோன மோட்டார்களுக்குள் இருக்கும் செம்புக் கம்பிச் சுருளை, அதாவது காயிலை, புதிதாகக் கட்டுவது. கருகிய வார்னிஷ் வாடை எத்தனை முறை குளித்தாலும் தலைமுடியை விட்டுப் போகாது. மூக்கின் கீழ் பச்சைத் தைலத்தைத் தேய்த்துக்கொண்டுதான் வேலைக்கு உட்காருவாள். எதிர்க்கடையில் காபி ஊற்றும் எனக்கு அவள் தும்மலை வைத்தே சொல்லிவிட முடியும், உள்ளே என்ன கிடக்கிறதென்று.

இளவயதில் நெல் அரவை ஆலையில் தவிடு கூட்டியவள். ஆலை மோட்டார் எரியும்போதெல்லாம் உள்ளிருக்கும் பழைய செம்புக் கம்பியைப் பிரிக்கிற அழுக்கு வேலை அவள் தலையில் விழும். எந்தச் சுருள் எந்தப் பள்ளத்தில் இருந்தது என்று அரிசிப் பை அட்டையில் வரைந்து வைத்தாள். ஒருநாள் அந்தப் படத்தைப் பார்த்துத் தானே கட்டினாள். ஓடியது. நாற்பத்திரண்டு வயதில், எங்கள் பக்கத்து இறால் குளங்களில் தண்ணீரை அடித்துக் காற்று சேர்க்கும் துடுப்புச் சக்கரங்களில் பாதி அவள் கட்டிய காயிலில்தான் சுற்றின.

அந்தச் சித்திரை வெயிலில் கிவெட்டின் நான்கு குளங்கள் ஒரே காலையில் செத்தன. பெரிய பண்ணைக்காரர். ஒன்பது மோட்டார்களைப் படகில் ஏற்றிக்கொண்டு லுவாவின் கடைக்கு முன்னால் வந்து நின்றார். அவர் சட்டையிலிருந்து வந்த வாடையில் என் கடையில் இருந்தவர்கள் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்கள்.

"செம்புன்னு சொல்லி அலுமினியத்தைச் சுத்திக் குடுத்திருக்கே! என் இறால் மொத்தமும் செத்து மிதக்குது. நீயெல்லாம் மனுஷியா?"

லுவா தைலத்தை எடுத்துத் தேய்த்தாள். "கத்தாதீங்க கிவெட் அண்ணே. திறந்து பாப்போம். எல்லாரும் வாங்க, பாருங்க."

முதல் மோட்டாரின் மூடியைக் கழற்றி நடுத்தண்டை உருவி வெளியே வைத்தாள். யாரிடமும் அதற்குமுன் அவள் இவ்வளவு பேசியதில்லை.

"இந்தத் தண்டுக்கு ஒரு கம்பிகூட வரல, பாத்தீங்களா? கரண்ட் வர்றது சுத்தி இருக்கிற காயிலுக்குத்தான். மூணு லைன்ல ஒண்ணு மாத்தி ஒண்ணா கரண்ட் ஏறி இறங்கும். அதனால காந்தம் உள்ளே வட்டமாச் சுத்தும். அந்தக் காந்தம் கடந்து போகும்போது தண்டுலயும் கரண்ட் தானாப் பிறக்கும், தண்டு அது பின்னாலயே ஓடும். எப்பவும் கொஞ்சம் பிந்தித்தான் ஓடும். எட்டிப் பிடிச்சுட்டா அப்புறம் இழுக்க எதுவும் இருக்காது."

"எனக்கெதுக்கு இந்தப் பாடம்?" என்றார் கிவெட்.

"மூணு லைன்ல ஒண்ணு போனா என்ன ஆகும்னு சொல்லத்தான். ஓடிட்டிருக்கிற மோட்டார் நிக்காது. மிச்ச ரெண்டு லைன்லயே முக்கி முக்கி ஓடும். அந்த ரெண்டு காயிலும் வெந்துபோகும். மூணாவது அப்படியே இருக்கும். இப்பப் பாருங்க."

குனிந்து பார்த்தோம். வட்டம் முழுக்கக் கரிக்கட்டையாக இருந்த சுருள்களுக்கு நடுவே, இடைவெளி விட்டு விட்டு, சில சுருள்கள் மட்டும் நேற்றுக் கட்டியதுபோலச் சிவப்பாக மின்னின. கத்தியால் கருகியதில் ஒன்றைச் சுரண்டினாள். உள்ளே செம்பு. ஒன்பதையும் திறந்தாள். ஒன்பதும் அப்படியே.

"உங்க ஃபியூஸ்ல ஒண்ணு போயிருக்கு. சரி, அப்போ சுமை ஏறினா லைனைத் துண்டிக்கிற ஓவர்லோடு ரிலே விழுந்து நிறுத்தியிருக்கணுமே. ஏன் நிறுத்தல?"

கிவெட்டின் மேற்பார்வையாளன் லோக் படகில் நின்று தலையைச் சொறிந்தான். "அது சும்மாச் சும்மா விழுந்துட்டே இருந்துச்சுக்கா. ஒவ்வொரு தடவையும் கரையைச் சுத்தி ஓட வேண்டியிருந்துச்சு. அதான் ஒரு கம்பியைப் போட்டு நேரா இணைச்சுட்டேன்."

"அது விழுந்ததே உன்னைக் கூப்பிடத்தான்டா, மடையா!" என்றாள் லுவா.

கிவெட் மன்னிப்புக் கேட்கவில்லை. தொண்டையைச் செருமிவிட்டு, "ஏம்மா லுவா, இந்த ஒன்பதுல ஒண்ணு பம்பு மோட்டார். அதை மட்டும் முதல்ல கட்டிக் குடு. தண்ணி மாத்தணும்" என்றார். நல்ல தண்ணீர் இறைக்கப் போகிறார் என்றுதான் அவள் நினைத்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். இரண்டே நாளில் கட்டி, வார்னிஷ் ஊற்றிக் காயவைத்து, ஓட்டிப் பார்த்துக் கொடுத்தாள்.

மறுநாள் விடிந்ததும் கால்வாய் கறுத்திருந்தது. முட்டையும் பிணமும் சேர்ந்து அழுகிய நாற்றம். வழவழவென்று வெளுத்த இறால்கள், கால்கள் உதிர்ந்து, என் கடைப் படித்துறையில் ஒதுங்கின. பாத்திரம் கழுவப்போன நான் வாந்தி எடுத்தேன். லுவா முகத்தைத் துணியால் கட்டிக்கொண்டு படகை எடுத்தாள். நானும் ஏறிக்கொண்டேன். நீரோட்டத்துக்கு எதிராகப் போகப்போகக் கறுத்த தண்ணீர் கூழாகக் கெட்டியானது.

கிவெட்டின் கரையில் பம்பு ஓடிக்கொண்டிருந்தது. செத்த குளங்களை அப்படியே கால்வாயில் கக்கிக்கொண்டிருந்தது. கால்வாயின் கீழ்ப்பக்கம் தோவாவின் குளம் இருக்கிறது. கணவனை இழந்தவள், இருப்பதே ஒரு குளம். கடல் ஏற்றத்தில் கால்வாய் உயரும்போது அவள் இந்தத் தண்ணீரைத்தான் உள்ளே விடுவாள்.

"நிறுத்துடா அதை" என்றாள் லுவா.

லோக் சிரித்தான். "மோட்டார் கட்டுறது உங்க வேலைக்கா. தண்ணி எங்க போகுதுன்னு உங்களுக்கென்ன?"

"செத்ததைச் சுண்ணாம்பு போட்டு அங்கேயே புதைக்கணும்னு ஊராட்சியில எத்தனை தடவை சொல்லியிருக்காங்க!"

"முதலாளிகிட்டச் சொல்லுங்க. தூங்குறார்."

அவள் மேற்கொண்டு பேசவில்லை. நெம்புகோல் சுவிட்சை இழுத்துக் கீழே தள்ளினாள். மோட்டாரின் பக்கப் பெட்டியைத் திறந்து, காயில் முனைகளை இணைக்கும் சிறிய பித்தளைத் தகடுகளைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாள். அவை இல்லாவிட்டால் அது வெறும் இரும்பு. லோக் அவள் கையைப் பிடிக்க வந்தான். அவனுடைய ஈரமான, நாறும் விரல்களைப் பார்த்து அவள் காறித் துப்பிய விதத்தில் அவனே பின்வாங்கினான்.

அங்கிருந்து நேரே ஊராட்சி அலுவலகம். கீழ்க்கரைக்காரர்கள் முப்பது பேர் எங்கள் பின்னால் வந்தார்கள். மதியத்துக்குள் அலுவலக ஆட்கள் போய்க் கிவெட்டின் மிச்சக் குளங்களுக்கு முத்திரை வைத்துச் சுண்ணாம்பு கொட்டவைத்தார்கள். ஆனால் தோவா விடியுமுன்பே மடையைத் திறந்திருந்தாள். நான்காம் நாள் அவள் குளமும் மிதந்தது. லுவா போய் அவளோடு நின்று, வலையால் அள்ளி, குழிவெட்டி மூடினாள். இடுப்பளவு சேற்றில் நின்று மூன்று முறை வாந்தி எடுத்தாள், வேலையை விடவில்லை.

கிவெட் எச்சரிக்கைக் கடிதத்தோடு தப்பித்தார். தன் மோட்டார்களை எல்லாம் நகரத்துக் கடைக்கு மாற்றிக்கொண்டார். அடுத்த அறுவடைக்கு ஊருக்கே பன்றிக்கறி விருந்து வைத்தார். போய்ச் சாப்பிட்டவர்கள் பாதிப் பேர் கீழ்க்கரைக்காரர்கள். அதைக் கேட்டபோது லுவா முகத்தைச் சுளித்த சுளிப்பு, அன்று கால்வாயில்கூட நான் பார்க்காதது.

இப்போதெல்லாம் பம்பு மோட்டார் கொண்டுவருகிறவர்களிடம் அவள் முதலில் கேட்பது, "தண்ணி எங்கிருந்து எங்க போகுது?" சிலர் கோபித்துக்கொண்டு திரும்பிப் போகிறார்கள். போகட்டும் என்கிறாள்.

ஒருநாள் காபிக்கு வந்தவள் தன் கையையே முகர்ந்து பார்த்து முகம் சுளித்தாள். கேட்டேன், "உன்மேல என்ன தப்பு? ஏன் இப்படி உன்னையே அருவருத்துக்கிறே?"

"அன்னைக்கு அந்தப் பம்பு மோட்டாரை ஓட்டிப் பாத்தேன்ல," என்றாள், "சத்தமே இல்லாம அவ்வளவு அழகா ஓடிச்சு. நான் அதைப் பாத்துச் சிரிச்சேன்."

கோப்பையைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனாள்.