ஜெபமேசையில் வைத்த பாணி மருந்து

போன மாரி முழுக்க எங்கள் வீட்டில் மழையை யாரும் கவனிக்கவில்லை. என் மகள் எஸ்தரையே பார்த்துக்கொண்டிருந்தோம். எட்டு வயது. சோறு தின்னும்போது வலிப்பு வரும். பள்ளிக்கூட வரிசையில் வரும். விழுந்து எழும்பியதும் என்னை யாரோ போலப் பார்ப்பாள். அந்தப் பார்வையில் நான் செத்துச் செத்துப் பிழைத்தேன், சகோதரங்களே.

மருந்து ஒருநாளும் தவறியதில்லை. கிளினிக்கில் தந்த பாணி மருந்துப் போத்தலை ஜெபமேசையில், வேதாகமத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தோம். ஜெபித்து வைத்த மருந்து. அலுங்காமல் எடுத்து, அளந்து ஊற்றி, அலுங்காமல் திரும்ப வைப்போம்.

ஆனாலும் புதுப் போத்தல் திறந்தால் வலிப்பு. போத்தல் முடியப்போகும் நாட்களில் ஒரே தூக்கம், தள்ளாட்டம். இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். மருந்தின் அளவு காணாது, குறைவு என்றார்கள். அடுத்தமுறை கூடிவிட்டது என்றார்கள். நாங்கள் கொடுத்ததோ ஒரே அளவு. டொக்டருக்கும் பிடிபடவில்லை.

"அடுத்த கிளினிக்குக்குப் போத்தலோட வாங்க. எனக்கு முன்னால குடுங்க," என்றார்.

திரும்பி வரும்போது கல்லடிப் பாலத்தில் பஸ் நின்றது. கீழே வாவி கறுத்துக் கிடந்தது. சுகம் தாரும் என்றே அதுவரை கேட்டிருந்தேன். அன்று வாயில் வேறொன்று வந்தது: ஆண்டவரே, எங்களுக்குத் தெரியாததைக் காட்டும்.

அடுத்த கிளினிக்கில் போத்தலை இரண்டு கையாலும் எடுத்தேன்.

"குலுக்க இல்லையாம்மா?" என்றார் டொக்டர்.

"ஜெபிச்சு வெச்ச மருந்து ஐயா. அதப்போய்க் குலுக்கிறதா?"

அவர் போத்தலை வெளிச்சத்தில் பிடித்தார். அடியில் வெள்ளையாய் மண்டி.

"மருந்தெல்லாம் இஞ்ச கிடக்கு. முதல்ல புள்ளைக்குக் காணாது. கடைசியில கூடிப்போகும்." பிறகு சிரித்தார். "ஜெபத்த விட்டுடாதீங்க. ஜெபிச்சுப்போட்டு நல்லாக் குலுக்குங்க."

"முட்டை மாதிரியெல்லோ தூக்கித் திரிஞ்சம்," என்றார் என் கணவர்.

"இனி நான் குலுக்கிறன்," என்றாள் எஸ்தர்.

அவள்தான் குலுக்குகிறாள், ஆமென் சொன்ன கையோடு. அடுத்த இரத்தப் பரிசோதனையில் அளவு சரியாக நின்றது. அதன்பிறகு வலிப்பு இல்லை. போன ஞாயிறு ஆலயத்தில் அவள் தனியே நின்று பாடினாள், எல்லாச் சரணமும். விழுவாளோ என்று நான் பக்கத்தில் போய் நிற்கவில்லை. கடைசி வாங்கில் உட்கார்ந்து, வயிறு குளிரக் கேட்டேன்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருக்கலாம். மருந்தை நிறுத்தாதீர்கள், ஜெபத்தையும் நிறுத்தாதீர்கள். தெரியாததைக் காட்டும் என்று கேளுங்கள். டொக்டரிடமும் வெட்கப்படாமல் கேளுங்கள். எங்களுக்குக் காட்டியவர் உங்களுக்கும் காட்டுவார்.