கோலத்தை மிதிக்காத சக்கரம்

எழுத்து எனக்குக் கோணலாகத்தான் வரும். ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. ஒன்றைச் சொல்லப்போய் இன்னொன்றை மறந்துவிடுவேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அடி அண்ணாமலையில் எங்கள் வீட்டுக்காரர் வாடகை வேன் ஓட்டுகிறார். கொஞ்ச நாளாக அது நேர் ரோட்டிலேயே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அலைந்தது. ஒருநாள் கூட வந்த எங்கள் பையன் வேங்கிக்காலில் அவன் வீட்டு வாசலில் இறங்கும்போது, "நைனா, உனக்குக் கை நிக்கல. ஞாயித்துக்கிழமை வந்து சாவிய வாங்கிக்கினு போறேன். வேற டிரைவரப் போட்டுக்கலாம்" என்றான்.

இவருக்கு அன்று ராத்திரி சோறு சரியாக இறங்கவில்லை. சாவியை இடுப்பில் செருகிக்கொண்டே படுத்தார். எனக்கும் இருப்புக் கொள்ளவில்லை. இவர் டம்ளரைத் தூக்கும்போதெல்லாம் கையையே பார்த்தேன். காபி தளும்பவில்லை. இருந்தாலும் மனசு கேட்கவில்லை.

ஞாயிறு காலையில் வேனுக்கு அடியில் போய்ப் படுத்தவர், "நீ ஏறி ஸ்டியரிங்கப் புடி" என்றார். அந்த சீட்டில் நான் உட்கார்ந்ததே கிடையாது. எதிர்வீட்டில் பூ கட்டிக்கொண்டிருந்தவள், "இன்னாக்கா, பெங்களூர் சவாரியா?" என்று கத்தினாள். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஏறினேன்.

"லேசா ஆட்டு... ஆட்றியா இல்லியா?"

"ஆட்டிக்கினுதாங்க இருக்கேன்!"

நாலு விரல் அளவுக்கு ஸ்டியரிங் சும்மா சுற்றியது. கீழே ஒன்றுமே அசையவில்லையாம். வண்டிக்கு அடியில் இருந்த மற்ற மூட்டுகளையும் அசைத்துப் பார்த்துவிட்டு, "கை இல்லடி, பாக்ஸு" என்றார். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

ஸ்டியரிங் சுற்றுவதைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகிற ஸ்டியரிங் பாக்ஸின் தலையில் ஒரு திருகு இருக்கிறது. அதைப் பிடித்து நிறுத்த ஒரு நட்டு. நட்டைத் தளர்த்தி, திருகைக் கொஞ்சம் முடுக்கி, நட்டை மறுபடி இறுக்கினார். ஆட்டம் போய்விட்டது. ஓட்டிப் பார்க்கப் போனோம். மெயின் ரோட்டில் நேராகப் போகும்போது ஸ்டியரிங் இறுகிக்கொண்டது. திருப்பத்தில் ஒடித்தால் தானாகத் திரும்பி வரவில்லை. இவர் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். முன்பு இருந்ததே தேவலை.

வீட்டுக்கு வந்தால், கிளம்பிவிட்டேன் என்று பையனின் போன். நான் வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்ததில் குழம்பு அடிப்பிடித்துவிட்டது.

வெளியூர் போயிருந்த மெக்கானிக்கை இவர் போனில் பிடித்தார். "அண்ணே, முடுக்கும்போது சக்கரம் நேரா இருந்துச்சா?" என்று அவர் கேட்டார். "ஒடிச்சி வச்சி முடுக்கினா நேரா வரும்போது இறுகிக்கும்ணே."

இவர் என்னைப் பார்த்தார். நான் வாசலைப் பார்த்தேன். எங்கள் சந்து குறுகல். வண்டியை நேராக விட்டால் நான் போடும் கோலத்தின்மேல்தான் ஏறும். அதனால் தினமும் சக்கரத்தைச் சுவர் பக்கம் ஒடித்துத்தான் நிறுத்துவார். அப்படியே வைத்துத்தான் முடுக்கியும் இருக்கிறார்.

"கோலத்து மேல ஏத்துங்க."

"காலங்காத்தால போட்ட கோலத்தையா?"

"ஏத்துங்கன்றேன்!"

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. எதிர்வீட்டுக்காரி பூவைக் கீழே வைத்துவிட்டாள்.

கோலத்தின்மேல் சக்கரம் நேராக நின்றது. நட்டையும் திருகையும் தளர்த்திவிட்டு, துளித் துளியாக முடுக்கினார். நான் மேலே ஆட்டிக்கொண்டே இருந்தேன். கொஞ்சம் ஆட்டம் மிச்சம் இருக்கும்போதே போதும் என்று நட்டை இறுக்கிவிட்டார்.

பையன் வந்தான். "இன்னாம்மா, கோலத்து மேல வண்டி நிக்குது?" என்றான். இவர் சாவியை அவனிடமே நீட்டி, "நீயே ஓட்டிப் பாரு" என்றார். போனவன் திரும்பி வருகிறவரை நான் வாசலிலேயே நின்றேன். வந்து இறங்கியவன் சாவியை இவர் கையில் வைத்தான். "நைனா, நீ ஓட்டு. என்னை பஸ் ஸ்டாண்டுல விட்டுடு."

இப்போது கோலத்தைக் கொஞ்சம் தள்ளிப் போடுகிறேன். வண்டி தெரு முனை திரும்புகிறவரை இவர் கையைப் பார்ப்பதை மட்டும் நான் விடவில்லை.

திருகை எந்தப் பக்கம் முடுக்க வேண்டும் என்பது எனக்கு மறந்துவிட்டது. வேறு எதையாவது மாற்றிச் சொல்லியிருந்தாலும் சொல்லியிருப்பேன். வேலை தெரிந்தவர்கள் யாராவது ஒருமுறை படித்துச் சரிபாருங்கள். என் எழுத்தை நம்பி யாரும் நட்டில் கை வைத்துவிடாதீர்கள்.