இட்லிக்கடை அம்மாவின் நடை

திண்டுக்கல்லில் அம்மா இட்லிக்கடை வைத்து என்னை வளர்த்தாள். விற்காமல் மிஞ்சியதுதான் எங்கள் சாப்பாடு. நான் போதும் என்று தள்ளியதையும் வீணாக்க மனமில்லாமல் அவளே சாப்பிடுவாள். காய், பழம் எப்போதாவதுதான். அவள் உடம்பு பெருத்தபோது, "வசதி வந்துருச்சு போல" என்று தெருவே பாராட்டியது.

முழங்கால் வலிக்கு மருத்துவர் தினமும் நடக்கச் சொன்னார். எங்கள் தெருவில் பெண்கள் காரணமில்லாமல் நடப்பதில்லை. அதனால், காலை வியாபாரம் முடிந்ததும் காய்கறிப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவாள். நானும் கூடப் போவேன்.

ஒருநாள் எதிர்வீட்டுப் பெண் கேட்டாள். "என்னக்கா, தினமும் சந்தைக்குப் போறீக, வெறும் பையோட வாரீக?"

அம்மா நின்றாள். "சந்தைக்கு இல்லத்தா. ஒடம்பு குறைய நடக்கப் போறேன்."

"வேலைவெட்டி இல்லாதவுகல்ல இப்படி நடப்பாக?"

"விடியுமுன்ன அடுப்பு பத்தவச்சு, அம்புட்டுப் பேருக்கும் இட்லி குடுத்துட்டு வாரேன். இந்தச் செத்த நேரம் எனக்கு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பக்கத்தில் நின்ற எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

உடம்பு பெரிதாகக் குறையவில்லை. ஆனால் வலி விட்டுவிட்டது. போன வாரம் மலைக்கோட்டைப் படியில் மூச்சு வாங்கி உட்கார்ந்தது நான்தான். அம்மா மேலே ஏறிக்கொண்டிருந்தாள்.